முயல் குடலும் இரண்டு முடிச்சும்



தலைப்பைப் பார்த்ததும் ஏதோ புதுப்படத்தின் பெயர் என்று நினைத்தவர்கள் மன்னிக்கவும். இது படமல்ல, ஒரு பரிசோதனை.

"மலருக்கு என்னடா எழுதுற?" என்று கேட்ட நண்பனிடம், "காலரா கிருமியைப் பத்தி" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீ படிக்கிறது எலக்ட்ரிக்கல். உனக்கும் பாக்டீரியாவுக்கும் என்னடா சம்பந்தம்? பேசாம கவிதை எழுது, இல்ல நாலு ஜோக் எழுது" என்றான்.

சம்பந்தம் இருக்கிறது நண்பர்களே! ஒரு மோட்டார் ஓடவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? மீட்டரை எடுத்துக்கொண்டு பழுது எங்கே என்று தேடுவோம். தப்பான இடத்தில் மீட்டரை வைத்தால் நாள் முழுக்க அளந்தாலும் பழுது கிடைக்காது. காலரா விஷயத்தில் உலகத்தின் பெரிய பெரிய விஞ்ஞானிகள் எழுபது ஆண்டுக்கும் மேலாகத் தப்பான இடத்திலேயே அளந்துகொண்டிருந்தார்கள். சரியான இடத்தில் மீட்டரை வைத்தவர் கல்கத்தாவில் இருந்த ஓர் ஆசிரியர். அவரிடம் இருந்ததோ ஒரு முயல், கொஞ்சம் நூல், ஒரு ஊசி. அவர் பெயர் சம்புநாத் டே. நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

கிருமி கிடைத்தது, குற்றம் நிரூபணமாகவில்லை

ஜெர்மனியைச் சேர்ந்த ராபர்ட் கோக் 1883-ல் எகிப்துக்குப் போனார். அங்கிருந்து கல்கத்தா வந்து, 1884-ல் காலராவுக்குக் காரணமான கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். காற்புள்ளி மாதிரி வளைந்த உருவம். இதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1854-ல், இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பச்சினி என்பவரும் இதே கிருமியை மைக்ராஸ்கோப்பில் பார்த்திருந்தார். ஆனால் அன்று அவர் பேச்சு அம்பலம் ஏறவில்லை.

சரி, கிருமி கிடைத்துவிட்டது. அது எப்படி ஆளைக் கொல்கிறது? இங்கேதான் சிக்கல். எலி, முயல் எதற்கும் இயல்பாகக் காலரா வருவதில்லை. விலங்கில் நோயை உண்டாக்கிக் காட்டாமல் குற்றத்தை எப்படி நிரூபிப்பது? இந்தக் கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்று கோக் ஊகித்தார். ஆனால் 1892-ல் ரிச்சர்ட் பைஃபர் என்ற மற்றொரு ஜெர்மானியர், கிருமியின் உடலோடு ஒட்டியிருக்கும், கிருமி செத்துச் சிதையும்போது வெளிப்படும் நஞ்சு ஒன்றைப் பற்றிச் சொன்னார். அந்தக் கருத்து வேரூன்றிவிட்டது. கிருமியின் நஞ்சு இரத்தத்தில் கலந்து உடம்பைச் சாய்க்கிறது என்று நம்பியவர்கள், விலங்கின் இரத்தக் குழாயிலும் வயிற்று உறைக்குள்ளும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். விலங்கு செத்தது. ஆனால் அது காலரா அல்ல! காலராவின் அடையாளமே அரிசி கழுவிய நீர்போலக் குடம் குடமாகப் போகும் பேதிதான். அது எந்த விலங்குக்கும் வரவில்லை.

பழுது குடலில். மீட்டர் வைத்ததோ இரத்தத்தில்!

கல்கத்தாவில் ஒரு முடிச்சு

சம்புநாத் டே 1915-ல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில், வசதி இல்லாத குடும்பம் ஒன்றில் பிறந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்தார். லண்டன் சென்று ராய் கேமரான் என்ற நோயியல் அறிஞரிடம் ஆய்வு செய்து, 1949-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கேயே தங்கிவிடாமல் ஊருக்குத் திரும்பினார். காலரா குடிகொண்டிருந்த கல்கத்தாவில், மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆய்வைத் தொடங்கினார்.

அவர் கேட்ட கேள்வி மிக எளியது. 'பேதி குடலில் நடக்கிறது. அப்படியானால் குடலிலேயே ஏன் பார்க்கக்கூடாது?'

முயலுக்கு மயக்க மருந்து கொடுத்து, வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் ஒரு துண்டுப் பகுதியின் இரண்டு முனையையும் நூலால் கட்டினார். குடலை வெட்டவில்லை, இரத்த ஓட்டத்தைத் தடுக்கவில்லை. இரண்டு முடிச்சுக்கு நடுவே ஒரு மூடிய அறை கிடைத்தது. அதற்குள் காலராக் கிருமி வளர்ந்த திரவத்தைச் சிறிது ஊசியால் செலுத்தினார். குடலை உள்ளே வைத்துத் தைத்துவிட்டு மறுநாள் திறந்து பார்த்தார். கிருமி இல்லாத திரவம் செலுத்திய அறை வெறுமனே சப்பையாகக் கிடந்தது. கிருமி போன அறையோ தண்ணீர் நிரப்பிய பலூன்போல உப்பியிருந்தது. உள்ளே இருந்தது அதே அரிசி கழுவிய நீர்!

1953-ல் சட்டர்ஜி என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து இதை வெளியிட்டார். அதோடு நிற்கவில்லை. அடுத்த கேள்வி: இந்த வேலையைச் செய்வது கிருமியா, கிருமி வெளியே விடும் பொருளா? கிருமியைத் திரவத்தில் வளர்த்தார். பிறகு கிருமிகளை முழுக்க வடிகட்டி நீக்கினார். ஒரு கிருமிகூட இல்லாத அந்தத் தெளிந்த வடிநீரை மட்டும் முயல் குடலின் அறைக்குள் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது!

ஆக, கொல்வது கிருமியின் உடல் அல்ல. அது உயிரோடு இருக்கும்போதே வெளியே விடும் நஞ்சு. 1959-ல் 'நேச்சர்' இதழில் வெளியான அந்தக் கட்டுரை மிகச் சிறியது. எழுதியவர் ஒருவரே ஒருவர். 1884-ல் கோக் அதே ஊரில் விட்டுச்சென்ற கேள்விக்கு, 75 ஆண்டு கழித்து அதே ஊரிலிருந்து பதில் கிடைத்தது.

அந்த முயல்களுக்கும் மனித குலம் கடன்பட்டிருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் போகக்கூடாது.

அணையாத சுவிட்ச்

பிறகு 1969-ல் அமெரிக்காவில் ஃபிங்கெல்ஸ்டைனும் லோஸ்பலூட்டோவும் அந்த நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தார்கள். அதன் வேலை முறையைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட, இது நம்ம பாடமாச்சே!

நஞ்சின் மூலக்கூறு இரண்டு வகைப் பாகங்களால் ஆனது. ஐந்து ஒரே மாதிரித் துண்டுகள் வளையமாக நின்று குடல் செல்லின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்ளும். அது கைப்பிடி. நடுவில் இருக்கும் ஆறாவது துண்டு செல்லுக்குள் நுழையும். அதுதான் கத்தி.

நம் குடல் செல்லுக்குள் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது ஆன் ஆனால் செல் உப்பையும் நீரையும் குடலுக்குள் விடும். செரிமானத்துக்கு அது தேவை. கொஞ்ச நேரத்தில் தானாகவே ஆஃப் ஆகிவிடும். மாடிப்படி விளக்குக்கு ஒரு டைமர் சுவிட்ச் வைப்பார்களே, அதே மாதிரி. அழுத்தினால் எரியும், நேரம் முடிந்தால் அணையும். காலரா நஞ்சு என்ன செய்கிறது? அந்த டைமரைக் கெடுத்துவிடுகிறது. இனி சுவிட்ச் ஆஃப் ஆகாது. காண்டாக்டரில் காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொண்டால் ஸ்டாப் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் மோட்டார் நிற்காதல்லவா? அதே கதைதான். குளோரைடு உப்பு வெளியே பாய்கிறது. அதன் பின்னாலேயே தண்ணீரும் பாய்கிறது.

சாதாரண நாளில் நம் குடலுக்குள் சுமார் 8, 9 லிட்டர் திரவம் வருகிறது. நாம் குடிப்பது கொஞ்சம். மற்றதெல்லாம் உடம்பே சுரப்பது. ஏறத்தாழ எல்லாவற்றையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. காலராவில் இந்தக் கணக்கு தலைகீழ். கடுமையான நோயாளிக்கு மணிக்கு 1 லிட்டர் வரைகூடத் திரவம் வெளியேறலாம். காலையில் நன்றாக இருந்தவர் இரவுக்குள் போய்விடுவது இதனால்தான்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? கிருமி குடல் சுவரைத் துளைப்பதே இல்லை. குடல் செல்கள் உரிந்து சிதைந்துவிடுகின்றன என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 1960-ல் வெளியான ஓர் ஆய்வில், உயிரோடிருந்த நோயாளிகளின் குடல் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். சுவர் அப்படியே இருந்தது. வயரிங் எரியவில்லை, சுவிட்ச் மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது!

உடம்பும் சும்மா இருப்பதில்லை

நஞ்சின் கதையை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். 1892-ல் மியூனிக் நகரில் பேட்டன்கோஃபர் என்ற எழுபது வயது தாண்டிய பேராசிரியர், 'கிருமி மட்டும் காலராவை உண்டாக்காது' என்று வாதிட்டு, காலராக் கிருமி வளர்ந்த திரவத்தை எல்லார் முன்னும் குடித்தே விட்டார்! அவருக்கு லேசான பேதியோடு சரி. அவர் கொள்கை தவறு. ஆனால் அவர் பிழைத்தது ஓர் உண்மையைச் சொல்கிறது. கிருமி உள்ளே போவது வேறு, நோய் வெல்வது வேறு. நடுவில் உடம்பின் காவல் நிற்கிறது.

முதல் காவல் வயிற்றின் அமிலம். அமெரிக்காவில் தன்னார்வலர்களிடம் நடந்த ஆய்வுகளில், அமிலத்தை மட்டுப்படுத்திவிட்டுக் கொடுத்தால் பத்து லட்சம் கிருமிகளே நோய்க்குப் போதுமாக இருந்தன. அமிலம் அப்படியே இருக்கும்போது தேவைப்பட்டதோ பத்தாயிரம் கோடி! அடுத்த காவல் குடலின் உட்புறம் பூசியிருக்கும் சளிப் படலம். மூன்றாவது காவல், அந்தப் படலத்தில் கலந்து நிற்கும் எதிர்ப்பொருள்கள். கிருமியைச் சுவரில் ஒட்டவிடாமல் அவை பிடித்துக்கொள்கின்றன.

இங்கே ஒரு நுட்பம். நம் இரத்தத்தில் வெள்ளணுக்கள் என்ற போலீஸ் படையே இருக்கிறது. ஆனால் காலராக் கிருமி வீட்டுக்குள் நுழைவதில்லை. வாசலில் நின்றே கல்லெறிகிறது. உள்ளே இருக்கும் போலீஸுக்கு அதைப் பிடிக்கும் வாய்ப்பு குறைவு. கையில் ஊசியாகப் போட்ட பழைய காலராத் தடுப்பூசி சுமாரான பாதுகாப்பை, அதுவும் சில மாதங்களுக்கே கொடுத்தது என்றால், இதுவும் ஒரு காரணம். வாசலில் காவல் வேண்டுமென்றால் மருந்து வாசல் வழியாகவே போகவேண்டும். ஆகவேதான் வாய்வழித் தடுப்பு மருந்து வந்தது. கொல்கத்தாவின் சேரிப் பகுதியில் 2006-ல் தொடங்கிய பரிசோதனையில், அந்த மருந்து 5 ஆண்டுக் காலத்துக்கு 65 சதவீதப் பாதுகாப்பைத் தந்தது.

ஆனால் கிருமி லேசுப்பட்டதா? 1992-ல் நம் சென்னையில், அன்றைய மெட்ராஸில், ஒரு புதுவகைக் காலரா தலைகாட்டியது. விரைவில் கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் பரவியது. அதுவரை கொள்ளைநோயாகப் பரவிய காலராவெல்லாம் 'ஓ1' என்ற வகை. இந்தப் புதியதற்கு 'ஓ139' என்று பெயரிட்டார்கள். காலரா எப்போதும் இருக்கும் ஊர்களில் பெரியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும். குழந்தைகளே அதிகம் பாதிக்கப்படுவார்கள். இந்த முறையோ பெரியவர்களும் கூட்டம் கூட்டமாக விழுந்தார்கள்.

காரணம்? நஞ்சு அதே பழைய நஞ்சுதான். கிருமி மேல்சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருந்தது! நம் எதிர்ப்பொருள்கள் கிருமியைப் பெரும்பாலும் அதன் மேலுறையை வைத்தே அடையாளம் காண்கின்றன. சட்டை மாறியதும் காவலாளிக்கு ஆள் தெரியவில்லை. இன்னொரு வியப்பு 1996-ல் வெளிவந்தது. நஞ்சைத் தயாரிக்கும் மரபணுவே இந்தக் கிருமிக்குச் சொந்தமானது அல்ல. ஒரு வைரஸ் கொண்டுவந்து கொடுத்தது என்று வால்டரும் மெகலனோஸும் கண்டறிந்தார்கள். ஆக, ஆயுதம் இரவல், சட்டையும் மாற்றக்கூடியது. இப்படிப்பட்ட எதிரியோடுதான் நம் குடல் தினமும் போராடுகிறது.

பாட்டியின் தம்பி

எங்கள் பாட்டிக்குக் குரல் கணீரென்று இருக்கும். ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் தணிந்துவிடும். அவருக்குப் பத்து வயது இருக்கும்போது ஊரில் வாந்திபேதி வந்ததாம். தம்பிக்கு ஆறு வயது. காலையில் கோலி விளையாடியவன் சாயங்காலம் கண் குழி விழுந்து படுத்துவிட்டான்.

"தண்ணி, தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருந்தான்யா. 'குடுத்தா இன்னும் போகும், ஒரு சொட்டு குடுக்காதே'ன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. யாருக்கும் தெரியாம ஈரத்துணிய ஒதட்டுல வச்சேன். சப்புனான். விடியறதுக்குள்ள போயிட்டான்."

அந்தப் பெரியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். 'போகிறது, ஆகவே நிறுத்து.' குடலுக்குள் ஒரு சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சுவர் நன்றாகவே இருக்கிறது என்று அன்றைக்கு உலகத்தில் யாருக்குமே முழுதாகத் தெரியாது.

சுவர் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் என்ன லாபம்? குடல் செல்லில் தண்ணீரை உள்ளே இழுக்கும் இன்னொரு கதவு இருக்கிறது. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் அந்தக் கதவு திறக்கும். கூடவே தண்ணீரும் உள்ளே போகும். காலரா நஞ்சால் இந்தக் கதவை ஒன்றும் செய்ய முடிவதில்லை! ஒரு ஃபீடர் போனால் மாற்று ஃபீடர் வழியாகச் சப்ளை கொடுப்பதில்லையா, அதுபோல. 1968-ல் டாக்காவில் இதை நோயாளிகளிடம் சோதித்து வெற்றி கண்டார்கள். 1971-ல் வங்கதேசப் போரின்போது, எல்லையோர பன்காவ் அகதி முகாமில் காலரா சூறையாடியது. இரத்தக் குழாயில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பு, குளுகோஸ், சமையல் சோடா மூன்றையும் தண்ணீரில் கலந்து டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் சொன்னார். 30 சதவீதம் அளவில் இருந்த இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது.

நண்பர்களே, இன்றும் ஹாஸ்டலில் ஒருவனுக்கு வயிற்றுப்போக்கு என்றால், "தண்ணி குடிக்காதடா, இன்னும் போகும்" என்று சொல்கிற ஆள் இருக்கிறான். என் காதால் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள்! ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைத்தால் அதைக் கலந்து கொடுங்கள். கிடைக்காவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டிய அளவு. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, வாந்தியில் எதுவும் தங்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். உடனே தக்க சிகிச்சை கிடைத்தால் காலராவில் நூற்றுக்கு ஒருவர்கூட இறக்கத் தேவையில்லை.

மாலை விழாத கழுத்து

டே 1973-ல் ஓய்வு பெற்றார். நஞ்சைத் தூய்மையாகப் பிரிக்கும் வசதி அவரிடம் இல்லை. அந்த வேலையை வெளிநாட்டில் செய்து முடித்தார்கள். 1978-ல் நோபல் அறக்கட்டளை சுவீடனில் காலரா பற்றி ஒரு கருத்தரங்கம் நடத்தியபோது அவரை அழைத்துப் பேசவைத்தார்கள். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க், டேயின் பெயரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார். பரிசு வரவில்லை. சொந்த நாட்டின் பெரிய அறிவியல் அகாடமிகள்கூட அவரை உறுப்பினராக்கவில்லை. 1985-ல் காலமானார். 1990-ல்தான் 'கரன்ட் சயின்ஸ்' இதழ் அவருக்காக ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது.

இதைப் படித்து நான் வருத்தப்பட்டேன். ஆனால் வருத்தத்தைவிடத் தைரியம்தான் அதிகம் வந்தது. 'டிப்ளமாதானே' என்று நம்மைச் சொல்கிறார்கள். நாமும் நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். லேபில் ஒரு ஆஸிலோஸ்கோப், அதைச் சுற்றிப் பன்னிரண்டு தலை. 'வசதி இல்ல சார்' என்பது நம் தேசிய கீதமாகிவிட்டது. வசதி வேண்டும், அதற்காகக் கேட்கவும் வேண்டும், போராடவும் வேண்டும். சங்கம் வைத்திருப்பதே அதற்குத்தானே! டேக்கும் அது கிடைத்திருந்தால் நஞ்சைப் பிரித்த பெருமையும் கல்கத்தாவுக்கே வந்திருக்கலாம்.

ஆனால் வசதி வரும்வரை கேள்வி காத்திருக்க வேண்டியதில்லை. உலகத்துப் பெரிய ஆய்வுக்கூடங்களில் மைக்ராஸ்கோப்புக்கா பஞ்சம்? அவர்களிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். 'பழுது எங்கே இருக்கிறதோ அங்கேயே போய்ப் பார்ப்போம்' என்ற எண்ணம். அதற்கு ஆன செலவு இரண்டு முடிச்சுப் போட நூல்!

அடுத்த முறை ஒர்க்‌ஷாப்பில் மீட்டரைக் கையில் எடுக்கும்போது, எங்கே வைப்பது என்று ஒரு நிமிடம் யோசிப்போம். நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்திலும், நம் ஊர்க் குடிதண்ணீர்த் தொட்டி விஷயத்திலும் அப்படியே யோசிப்போம். சாக்கடைக் குழாயும் குடிநீர்க் குழாயும் எங்கே உரசிக்கொள்கின்றன என்று கண்டுபிடிக்க டாக்டர் வரமாட்டார். அதற்கு நாம்தான் போகவேண்டும். சிவில் தோழர்களே, மெக்கானிக்கல் தோழர்களே, காலராவுக்கு முதல் வைத்தியர் நீங்கள்தான்!

- மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை